கண்ணுக்கு ஒதுக்கிய கிளை

கத்தரி என் மேசையில் நான்கு தாள்களை வரிசையாகப் பரப்பினாள். நான்கும் நான் எழுதியவை. நான்கிலும் மஞ்சள் பேனாவால் கோடு இழுத்திருந்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் தாளே மஞ்சள் என்று தோன்றும்.

"படிங்கக்கா. சத்தமா வேணாம், மனசுக்குள்ள."

படித்தேன். முதல் தாளில் டாக்டரின் சூடான மூச்சு நாயகியின் கழுத்தில் பட்டது, அவள் உடல் சிலிர்த்தது, அவள் கண்களை மூடிக்கொண்டாள். இரண்டாம் தாளில் டாக்ஸி டிரைவரின் சூடான மூச்சு. மூன்றாம் தாளில் பழைய நண்பனின் சூடான மூச்சு. நான்காவதில் போட்டோகிராபர். அவனுக்கும் மூச்சு சூடாகத்தான் இருந்தது.

"நாலு பேருக்கும் காய்ச்சலாக்கா?" என்றாள் கத்தரி.

கத்தரி எங்கள் எடிட்டர். வீட்டில் வைத்த நல்ல பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. எங்கள் வரிகளுக்கு அவள் செய்வதைப் பார்த்தவர்கள் அந்தப் பெயரை மறந்துவிட்டார்கள். வயதில் என்னைவிட என் மகளுக்குத்தான் கிட்டத்தில் இருப்பாள். என்னை அக்கா என்பாள், பதவியில் எனக்கு மேலே இருப்பாள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் காட்டத் தெரிந்தவள்.

எங்கள் கம்பெனி குளியலறை டைல்ஸ் விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. நாங்கள் எழுதுவது ஃபோனில் படிக்கும் கதை. ஒரு பக்கம் முடிந்ததும் கீழே இரண்டு மூன்று பொத்தான்கள் வரும். எதை அமுக்குகிறீர்களோ அந்தப் பக்கம் கதை போகும். நாங்கள் அதைக் கிளை என்போம். என் நாயகி கடைசி ரயிலைத் தவற விடுகிறாள், தெரியாத ஊர், நல்ல மழை. நான்கு கதவு இருக்கிறது, நான்கு ஆண்கள் இருக்கிறார்கள். எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே ஓர் இரவு காத்திருக்கும். அந்த இரவுகளை எழுதுவதுதான் என் பிழைப்பு. வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று முன்பக்கத்தில் பூட்டு போட்டுத்தான் விற்கிறார்கள். சொந்தக்காரர்கள் கேட்டால் என் கணவர், "ஃபோன்ல ஏதோ எழுதறா" என்று முடித்துக்கொள்வார். அதுவும் உண்மைதான்.

சிக்கல் என்னவென்றால், வாசகர்கள் ஒரு கதவோடு நிற்பதில்லை. ஒருவனோடு கதை முடிந்ததும் திரும்பி வந்து அடுத்த கதவைத் தட்டுகிறார்கள். தட்டினால் உள்ளே அதே ஆள், சட்டை மட்டும் வேறு. ஒரு வாசகி கேட்டே விட்டாளாம்: "டாக்டரும் டிரைவரும் அண்ணன் தம்பியா?"

"சரிம்மா, மாத்தித் தரேன்" என்றேன். என்ன பெரிய விஷயம், வார்த்தையை மாற்றினால் போயிற்று என்று நினைத்தேன். டாக்டருக்கு உதடு கொடுத்தேன். டிரைவருக்கு இதழ். நண்பனுக்கு அதரம். நாலாவது ஆளுக்கு வெறும் வாய்தான் மிஞ்சியது. சிலிர்த்தது, புல்லரித்தது, மெய் கூசியது என்று பிரித்துப் போட்டேன். பந்திக்கு நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது இருக்கிற ஒரு குழம்பையே நாலு கிண்ணத்தில் ஊற்றி வைத்த மாதிரிதான்.

கத்தரி ஏமாறவில்லை. "வார்த்தை மாறினா ஆள் மாறிடுவானா? ஒண்ணு பண்ணுங்க. ஒரு கிளைக்கு ஒரு புலன். டாக்டர் காதால கேக்கறவரு, அங்க எல்லாமே சத்தம். டிரைவர்கிட்ட எல்லாமே வாசனை. நண்பன்னா தோல், தொடுகை மட்டும். போட்டோகிராபர் கண்ணு. ஒரு கிளைல இருக்கற புலன் இன்னொரு கிளைல தலை காட்டக் கூடாது."

சின்னப் பெண் சொல்லி நான் கேட்பதா என்று கொஞ்சம் எரிச்சல் வந்தது. ஆனால் யோசனை நல்ல யோசனை. அன்று மாலையே டாக்டர் கிளையில் உட்கார்ந்தேன். மழை, கடிகாரம், கட்டில், துணி உரசும் ஓசை, தொண்டைக்குள் பாதியில் நின்றுபோகும் சொல். கை தானாக ஓடியது. டிரைவர் கிளையும் அப்படியே வந்தது. மூன்றாவது கிளையை எழுதி முடித்தபோது எனக்கே முகம் சூடாகி ஜன்னலைத் திறந்து வைத்தேன். மூன்றையும் படித்துவிட்டு கத்தரி ஒரே ஒரு வரியைத்தான் வெட்டினாள். அவளிடம் அதைவிடப் பெரிய விருது கிடையாது.

"நாலாவது வெள்ளிக்கிழமை காலைல வேணும்கா. வரலைன்னா கதைய கவிஞர்கிட்ட குடுக்கச் சொல்றாங்க. நாலாவது மட்டும் இல்ல, மொத்தமா. அடுத்த பாகத்துக்கும் சேர்த்து."

கவிஞர் என்பவர் ஜன்னலோர நாற்காலிக்காரர். மழைக் கதையிலும் நிலவைக் கொண்டுவந்து விடுவார். அவர் கையில் என் நாயகி போனால் தலையைக் குனிவாள், கால் விரலால் தரையில் கோலம் போடுவாள். நான் அவளுக்கு வாயும் கோபமும் கொடுத்து வளர்த்திருக்கிறேன். ரயில் போய்விட்டது என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் சண்டை போட்ட பெண் அவள். அவளைக் கவிஞரிடம் விட எனக்கு மனம் வராது. எப்படியாவது வெள்ளிக்கிழமைக்குள் நாலாவதை எழுதியாக வேண்டும் என்று இருந்தேன்.

உட்கார்ந்தேன். போட்டோகிராபர் விளக்கைப் போட்டான். நாயகி அவனைப் பார்த்தாள். அவன் நெருங்கினான். அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

அழித்தேன். மறுபடி எழுதினேன். அவன் சட்டை, அவன் தோள், மேசை மேல் காமிரா, எல்லாம் பார்க்கிறாள். நெருங்கினால் கண் மூடிக்கொள்கிறது. பழைய குருடி கதவைத் திறடி. போட்டோகிராபரையே பேச வைத்தேன்: "கண்ணைத் திற, என்னைப் பார்." அவள் திறந்தாள். அவள் கண்டது, என்று எழுதிவிட்டு விரலை எடுத்தேன். அவள் என்னத்தைக் கண்டாள்? எனக்குத் தெரியவில்லை. மூன்று புள்ளி வைத்தேன். மூன்று புள்ளியும் என்னைப் பார்த்துச் சிரித்தது.

அப்போதுதான் முதல் மஞ்சள் தாள்களை எடுத்துப் பார்த்தேன். மூச்சு இல்லாத இடத்தில்கூட அது இருந்தது. நான்கு கிளையிலும், எல்லா இரவிலும், என் நாயகி கண்களை மூடிக்கொண்டிருந்தாள். சண்டைக்காரி, வாயாடி, அந்த நேரம் வந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறாள். சத்தம், வாசனை, தொடுகை என்று மூன்று கிளை ஏன் அவ்வளவு சுலபமாக வந்தது என்றும் புரிந்தது. அதற்கெல்லாம் கண் தேவையில்லை.

காபி மெஷின் பக்கம் கத்தரியைத் தனியாகப் பிடித்தேன்.

"ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது. அந்த நேரத்துல ஆம்பளைங்க மூஞ்சி எப்படி இருக்கும்?"

அவள் சிரிக்கவில்லை. அதற்குச் சிரித்தே இருக்கலாம். "அக்கா, உங்களுக்குக் கல்யாணமாகி எவ்ளோ வருஷம் ஆச்சு."

"அது ஆச்சு."

"நீங்க பார்த்ததே இல்லையா?"

நான் டம்ளரைப் பார்த்தேன். அவள் "சட்டியில இருந்தாதான அகப்பையில வரும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். பழமொழியை நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது யோசித்தேன். ஏன் மூடுகிறேன்? யாரும் மூடச் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் வெட்கம். பிறகு? சிலர் சுவர்ப்பக்கம் திரும்பித்தான் தூங்குவார்கள், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அப்படி ஏதோ ஒன்று. இத்தனை வருடம் ஊராருக்கெல்லாம் படுக்கையறை எழுதிப் போட்டவள், சொந்தப் படுக்கையறையில் பாதியைப் பார்க்கவே இல்லை. எனக்கே என்மேல் சந்தேகமாக இருந்தது. பக்கத்து சீட்டு அம்மாள் என்னைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். வாய்விட்டு ஏதாவது சொல்லியிருப்பேன் போலிருக்கிறது.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை ஏதாவது கட்டிடத்தில் லிஃப்ட் நின்றுபோனால் ஓட வேண்டும், அதற்குப் பதிலாக நடு வாரத்தில் ஒருநாள் விடுமுறை தருவார்கள். அந்த வாரம் புதன்கிழமை வந்தது. மகள் வெளியூரில் படிக்கிறாள். நானும் தலைவலி என்று சொல்லி மதியமே வந்துவிட்டேன். மீதியை விவரிக்க வேண்டாம், அதற்குத்தான் சம்பளம் வாங்கிக்கொண்டு ஓர் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னல் திரை மெல்லியது, அறையில் நல்ல வெளிச்சம் என்று மட்டும் சொல்கிறேன். வழக்கம்போல் கண்ணை மூடினேன். பிறகு, ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தை மாதிரி மனசைத் திடப்படுத்திக்கொண்டு திறந்தேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் என்னென்னவோ எதிர்பார்த்திருந்தேன். ஆசை, வெறி, மயக்கம், நான் எழுதி விற்கிற சரக்கு எல்லாம். அது எதுவும் இல்லை. லிஃப்டைப் பழுதுபார்த்து முடித்ததும் பொத்தானை அமுக்கிவிட்டு, வருமா வராதா என்று ஒரு நிமிடம் அசையாமல் நிற்பாரே, அந்த முகம். கவலையாக, என் முகத்தையே படித்துக்கொண்டிருந்தார். நான் திறந்ததும் திடுக்கிட்டுப் போனார்.

"என்ன? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"வலிக்குதா? நிறுத்திடவா?"

"ஐயோ, இல்லைங்க. சும்மா பாக்கறேன்."

"எதுக்கு?"

எனக்கு நாக்கில் சனி. "நாலாவது கிளைக்கு" என்றேன்.

அவர் விலகிப் படுத்தார். போர்வையை இழுத்து மார்பு வரை மூடிக்கொண்டார். மேலே மின்விசிறி சுற்றுவதையே பார்த்துக்கொண்டு கிடந்தார். நான் விளக்க ஆரம்பித்தேன்: கதை, கத்தரி, காது, மூக்கு, கவிஞர், வெள்ளிக்கிழமை. சொல்லச் சொல்ல அது இன்னும் அசிங்கமாகக் கேட்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னார்:

"நான் வேற நெனச்சேன்."

"என்ன நெனச்சீங்க?"

"நீ கண்ண மூடிக்கறது. அந்த நேரத்துல வேற யாரையோ நெனச்சுக்கறியோன்னு."

எனக்கு முதலில் புரியவே இல்லை. "இன்னிக்கா?"

"ஆரம்பத்துலேர்ந்து."

"ஆரம்பத்துலேர்ந்தா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா?"

அவர் இன்னும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார். "அதான் சீக்கிரமா முடிச்சுக்குவேன். உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு."

நான் எழுந்து உட்கார்ந்தேன். இத்தனை வருடம் அவர் அவசரக்காரர் என்று நினைத்திருந்தேன். தோழிகளிடம் கேலிகூடச் செய்திருக்கிறேன். வெட்கமும் கோபமும் ஒன்றாக ஏறின. அவர் மேல் கோபமா, என் மேல் கோபமா என்றும் தெரியவில்லை.

"யாருமில்லைங்க" என்றேன்.

"சரி."

"சத்தியமா யாருமில்ல."

"சரின்னு சொல்லிட்டேனே."

அவர் தலையாட்டிய விதம் எனக்குத் தெரியும். லிஃப்டில் யாரும் அளவுக்கு மேல் ஏறவில்லை சார் என்று வாட்ச்மேன்கள் சொல்லும்போது இப்படித்தான் ஆட்டுவார். யாருமில்லை என்பதுதான் உண்மை. ஆனால் யாராவது இருக்கிறவர்களும் அதே வார்த்தையைத்தான் சொல்வார்கள். நான் சத்தியம் செய்யச் செய்ய அது பொய்யாகிக்கொண்டே போனது.

"யாரா இருந்தாலும் பரவால்ல விடு. இவ்ளோ நாள் நல்லாதான இருந்தோம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது.

சமையலறையில் நின்று கண்ணை மூடிப் பார்த்தேன். அங்கே யார் இருக்கிறார்கள் என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. ஒருவரும் இல்லை. ஃப்ரிட்ஜ் உறுமியது, குழாய் சொட்டியது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருட்டு என்பார்கள், என் இருட்டில் உண்மையாகவே எதுவும் இல்லை. பிறகு ஒரு பயம் வந்தது. எனக்கே தெரியாமல் யாராவது இருந்தால்? இந்த டாக்டரை நான் எங்கிருந்து எடுத்தேன்? அந்த டிரைவர் யார்? நானாகக் கற்பனை செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கேயோ பார்த்த யாரோ உள்ளே வந்து உட்கார்ந்திருந்து, அது என் கணவருக்குத் தெரிந்து எனக்குத் தெரியாமல் இருந்தால்? மண்டை குழம்பிப்போய் டீயில் இரண்டு முறை சர்க்கரை போட்டேன்.

அவர் சாயங்காலம் கையில் பல்பு ஒன்றோடு திரும்பி வந்தார். வீட்டில் எந்தப் பல்பும் எரியாமல் இல்லை. சண்டை போட்டால் ஏதாவது வாங்கி வருவது அவர் வழக்கம். நான் லேப்டாப்பைத் திறந்து சாப்பாட்டு மேசையில் அவர் முன்னால் தள்ளினேன்.

"படிங்க. மூணு கிளையும் இதுல இருக்கு. என் மனசுல இருக்கற ஆம்பளைங்க எல்லாம் இவங்கதான். இதுல யாராவது உங்களுக்குத் தெரிஞ்ச ஆள் இருந்தா சொல்லுங்க."

"எனக்கு இதெல்லாம் வேணாம்."

"வேணும். படிச்சுட்டுச் சொல்லுங்க."

முன்பு ஒரே ஒரு தடவை என் கதையைப் படிக்க முயன்றிருக்கிறார். வந்த தேர்வுகளில் எல்லாம் 'வீட்டுக்குப் போ' என்பதையே அமுக்கியிருக்கிறார். இரண்டே நிமிடத்தில் கதை முடிந்துவிட்டது என்று வந்து நின்றார். இந்தத் தடவை பொத்தான் எதுவும் இல்லை, எழுதுகிறவர்கள் பார்க்கிற பக்கம். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். புது மோட்டார் வந்தால் அதோடு வரும் புத்தகத்தை எப்படிப் படிப்பாரோ அப்படி, வரிக்கு வரி, உதடு அசைய, படித்தார்.

நான் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தேன். தேய்த்ததையே மறுபடி தேய்த்தேன். ஆயிரக்கணக்கான பேர் படிக்கிறார்கள், அப்போதெல்லாம் கூசாத உடம்பு அன்று கூசியது. இடையில் ஒருமுறை "ம்" என்றார். ஒருமுறை இருமினார். எந்த இடம் என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் குறைந்தது, அவர் எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"இங்க வா" என்றார் கடைசியில்.

ஈரக் கையோடு போய் நின்றேன்.

"இந்த டாக்டர் அவளைத் தொடறதுக்கு முன்னாடி என்ன பண்றாரு?"

குனிந்து பார்த்தேன். காதுக்கான கிளை. 'இருட்டில் உலர்ந்த காகிதம் உரசுவது போல் ஓர் ஓசை. அவன் தன் உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டான்.' ஸ்டெதஸ்கோப் பிடித்த கை சில்லிட்டிருந்ததால் என்று காரணமும் எழுதியிருந்தேன்.

"டிரைவர்?"

மூக்குக்கான கிளை. மழையில் ஸ்டியரிங் பிடித்துக் குளிர்ந்த விரல்களைச் சூடு வரும்வரை பிசைந்துகொள்கிறான். அப்போது சோப்பு வாசனையும் அதற்கு அடியில் லேசாக எண்ணெய் வாசனையும் எழுகின்றன.

மூன்றாவதை அவர் கேட்கவில்லை, திரையைத் தள்ளிக் காட்டினார். தொடுகைக்கான கிளை. நண்பன் ஐஸ் போட்ட குவளையைக் கீழே வைக்கிறான். கொஞ்ச நேரம் கழித்து அவள் முதுகில் விழும் கை எதிர்பாராத சூட்டோடு இருக்கிறது, அவன் இரண்டு கைகளையும் உரசிக்கொண்டு வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிகிறது.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கத்தரி இதைப் பார்க்கவில்லை. தேய்த்தான், பிசைந்தான், உரசினான் என்று மூன்று இடத்திலும் வார்த்தை வேறு. ஒவ்வொருவனுக்கும் கை குளிர்ந்து போகத் தனித்தனிக் காரணம் வேறு கண்டுபிடித்திருக்கிறேன். எழுதிய எனக்கே தெரியவில்லை.

"இது நான் பண்றது" என்றார் அவர். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. பழுது எங்கே என்று பிடித்துவிட்டு, அது எப்படி அங்கே வந்தது என்று புரியாத குரல். "வேலைலேர்ந்து வந்து கிரீஸ் போகக் கை கழுவினா, தண்ணி சில்லுனு இருக்கும். அப்படியே தொட்டா உனக்குத் தூக்கிவாரிப் போடும். அதான் தேய்ச்சுக்குவேன். நீ கண்ண மூடியிருப்ப. உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்."

"எனக்கும் தெரியாதுன்னுதான் நெனச்சேன்."

"அப்ப இவங்க யாரு?"

"நீங்கதான் போல."

"மூணு பேருமா?"

"மூணு பேரும்."

"டாக்டர் கூடவா?"

"டாக்டர் கூடத்தாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பு வருகிறதா, வேறு ஏதாவது வருகிறதா என்று அவருக்கே தீர்மானமாகத் தெரியவில்லை. "டாக்டருக்கு இங்கிலீஷ் எல்லாம் வருது" என்றார். பிறகு என் ஈரக் கையைப் பிடிக்க வந்தவர், பழக்கத்தில் தன் உள்ளங்கை இரண்டையும் தேய்த்தார். இரண்டு தேய்ப்பு தேய்த்திருப்பார், சட்டென்று நிறுத்திவிட்டார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்துவிட்டது. தேய்ப்பதா விடுவதா, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று ஒன்றும் தெரியாமல், மேசைக்கு மேலே இரண்டு கையையும் தூக்கிப் பிடித்தபடி இருந்தார்.

"சில்லுனு இருக்கும்" என்றார்.

"இருக்கட்டும்."

நானே பிடித்துக்கொண்டேன். சில்லென்றுதான் இருந்தது. கண்ணை மூடவில்லை, நன்றாகத் திறந்து அவர் முகத்தையே பார்த்தேன். ஆனால் அழுகை வந்துவிட்டதால் எதிரில் இருந்தது ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நாலாவது கிளையைக் கொடுத்தேன். அவரைக் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். தன் மீசையைத் தடவிக்கொண்டே, போட்டோகிராபருக்கு மீசை வைக்கக் கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கத்தரி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு படித்தாள். நாயகி கண்ணைத் திறக்கிறாள். அவன் கவலையாக அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். "கண்ணை மூடிக்கொண்டு யாரை நினைத்துக்கொண்டிருந்தாய்?" என்று கேட்கிறான். இந்த இடத்தில் வாசகர் தேர்ந்தெடுக்க இரண்டு பொத்தான் வைத்திருந்தேன். ஒன்று 'யாருமில்லை'. இன்னொன்று 'உன்னைத்தான்'.

அவள் முதலாவதை அமுக்கிப் படித்தாள். திரும்பி வந்து இரண்டாவதை அமுக்கினாள். நெற்றியைச் சுருக்கினாள். மறுபடி முதலாவதை அமுக்கிப் பார்த்தாள்.

"அக்கா, ரெண்டும் ஒரே இடத்துக்குத்தான் போகுது. ஒரு எழுத்துகூட மாறல."

எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய தவறு கிடையாது. எதை அமுக்கினாலும் ஒரே இடம்தான் என்று தெரிந்தால் வாசகர் ஏமாந்த மாதிரி உணர்வார், அடுத்த கதைக்கு வரமாட்டார். வேலையில் சேருகிற அன்றே சொல்லிக் கொடுப்பது இது.

"தெரியும்மா" என்றேன்.

"அப்ப ஒண்ண மாத்துங்க. ரெண்டும் எப்படி ஒரே பதிலாகும்?"

"அதுதான் எனக்கும் புரியல" என்றேன். "ஆனா ஆகுது."

அவள் என் முகத்தை ஏதோ கேட்க வந்தவள் மாதிரி பார்த்தாள். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, கதையை என் பெயரிலேயே ஏற்றினாள்.